கொட்டு நிறுத்தும் வீடு

கனகதாஸ் கடைசியாக வீட்டை விட்டு இறங்கிப் போன மதியம் அவனுக்கும் ஜெஸிக்கும் ஒரு தலையணையைப் பற்றித்தான் வழக்கு நடந்தது. டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்து வைத்தால்தான் சத்தம் சிதறாமல் கேட்பவன் நெஞ்சில் போய் இடிக்கும் என்பது அவன் கண்ட உண்மை. பழைய தலையணை கிழிந்து பஞ்சு துப்பத் தொடங்கியிருந்தது. அதனால் கட்டிலில் கிடந்த இரண்டில் ஒன்றை எடுத்துத் திணித்துவிட்டான். எடுத்தது ஜெஸியுடையது.

"எனக்க தலவாணிய எடுத்தியளா?"

"எடுத்தேன்."

"ஒங்களுக்கத எடுக்கப்பிடாதா?"

"அது பூரா எண்ண மணம் பிள்ளே."

"டிரம்முக்குள்ள கெடக்கியத எவன் மோந்து பாக்கப் போறான்?"

"நாளைக்குக் காலைல கொண்டு தாறேன். இன்னைக்கு நீ எனக்கதுல படு. நல்ல மணம், ஒனக்குப் பழக்கமுள்ளதாக்கும்."

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்று ஹார்ன் அடித்தது. இரண்டு குச்சிகளைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு அவன் ஏறிப் போனான்.

கொல்லத்தில் ஒரு கல்லூரி விழாவுக்குப் போகிற வழி. பாலராமபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து வழக்கம்போல முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்திருக்கிறான். தட்டு நின்றதும் தூங்கிவிட்டான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கிதார் வாசிக்கிற உண்ணி மட்டும் திரும்பிப் பார்த்தான். தாஸேட்டன் தூங்கும்போதும் தட்டுகிற ஆள் என்பது ஜெஸிக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும்.

நெஞ்சுக்குள் ஒரு வால்வு பிறந்ததிலிருந்தே சரியில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். ஊரிலுள்ள அத்தனை பேர் நெஞ்சையும் இடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது மட்டும் கேட்கவில்லை.

அது 1997 நவம்பர். டிசம்பர் பிறந்ததும் சபைக் கமிட்டிச் செயலாளர் பொன்னுதாஸ், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செங்கல் என்ற ஊரில் இருந்த அந்த வீட்டுக்கு வந்தார். முன் அறையில் டிரம் செட் வெள்ளை விரிப்புக்குள் மூடிக் கிடந்தது. அவர் அதைப் பார்க்காமல் உட்காருவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"மோளே, அடுத்த சனியாழ்ச்ச சாயங்காலம் நம்ம கிறிஸ்மஸ் கேரல் இந்தப் பக்கமாக்கும். நீ ஒண்ணும் வெசனப்படாண்டாம். அந்த வளைவு வரும்பமே கொட்ட நிறுத்திருவோம். ஒனக்க வீடு தாண்டுன பொறவுதான் தொடங்குவோம். ஒரு சின்ன சத்தம் கேக்காது."

"கொட்டு நிறுத்தாண்டாம் மாமா."

"சாவு நடந்த வீட்டு முன்ன அது மொறையாக்கும் மோளே."

"எங்க வீட்டுக்கும் வந்து பாடணும். கொட்டோட."

பொன்னுதாஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதையெல்லாம் எழுதிவைத்துக்கொள்ளக் கூடாது என்கிற அனுபவம் உள்ளவர். "பிரார்த்திச்சுக்க மோளே" என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கிப் போனார்.

ஜெஸிக்கு வந்த ஆத்திரமே அந்தச் செருப்பின் மேல்தான். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போனார்கள். பக்கத்து வீட்டுப் பிரேமகுமாரி தேங்காய் துருவுவதைக்கூடப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். ஆறு வருடம் அந்த வீட்டில் பிள்ளை இல்லை, சத்தம்தான் இருந்தது. இப்போது அதுவும் போனதை, வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். கேரல் கோஷ்டியும் அவள் வாசலைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டால், பிறகு அந்த வீடு அப்படியே தீர்மானமாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. டிசம்பரில் கொட்டு நிறுத்தும் வீடு.

*

அந்தச் சபையின் கேரல் கோஷ்டியில்தான் கனகதாஸ் முதன்முதலில் கொட்டுப் பிடித்தான். நெஞ்சில் கட்டித் தொங்கவிடுகிற பெரிய டிரம். மற்றவர்கள் அதை நடைக்கு ஏற்ற மாதிரி அடிப்பார்கள். அவன் அடித்தால் நடை அதற்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும். யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் ராக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவன் கைக்கு அந்த வேகம் வந்துவிட்டிருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடுகிறவர்கள் இரண்டு வீட்டுக்குள் மூச்சுவாங்கி, மூன்றாவது வீட்டில் முகமூடியைக் கழற்றித் தண்ணீர் கேட்டார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வேடத்துக்கு யாரும் தானாகப் பெயர் கொடுப்பதில்லை, கமிட்டிதான் யாரையாவது பிடித்து நிறுத்த வேண்டும்.

கொயர் மாஸ்டர் வேதமணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஒவ்வொரு பாட்டுக்கும் கையை உயர்த்தி, "எலே மெதுவா. நீ போற போக்குல ஏசு பொறக்கியதுக்கு முன்ன பாட்டு முடிஞ்சிரும்" என்பார். வேதமணியின் மகள்தான் ஜெஸி. கேரல் அவர்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் கொட்டு மெதுவாக, நிதானமாக, பாட்டு முடிந்த பிறகும் நடந்துகொண்டே இருப்பதை வேதமணி இரண்டாவது வருடம்தான் கவனித்தார்.

பெண் கேட்டு வந்த அன்று கனகதாஸ் தோள்வரை வளர்ந்த முடியைச் சட்டைக் காலருக்குள் செருகியிருந்தான். அதனால் கழுத்தைத் திருப்ப முடியாமல், ஏதோ சுளுக்குக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஜோலி பாக்குதே?"

"டிரம்மர்."

"அது செரி. ஜோலி?"

"அதாக்கும் ஜோலி."

"பகல்ல?"

"பகல்ல உறக்கம்."

வேதமணி உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். அவள் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று, விரலால் நிலையைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரிந்தது. சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை மியூசிக்கில் இருக்கிறார்" என்று சொன்னார். கேட்டவர்கள் அதை ஏதோ சர்க்கார் இலாகா என்று நினைத்தால் அது அவர் குற்றமல்ல.

நெய்யாற்றின்கரை உண்ணியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய இசைக்குழுவுக்கு 'ஹை டென்ஷன்' என்று பெயர். வேனின் இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் அதை எழுதி, நடுவில் ஒரு மின்னலும் வரைந்திருந்தார்கள். மழைக்காலத்தில் அந்த வேன் எந்த முக்கில் நின்றாலும் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டு, காலையிலிருந்து கரண்டு இல்லை, எப்போது சரிசெய்வீர்கள் என்று கேட்டார்கள். கனகதாஸ் ஒருவரையும் ஏமாற்றமாட்டான். "அஞ்சு மணிக்கு வரும்" என்பான். பல சமயம் வரவும் செய்தது.

கோவளத்து ஹோட்டல்களில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது மெல்லிசை வேண்டும் என்பார்கள். அவன் குச்சியை வைத்துவிட்டு கம்பி பிரஷ்ஷால் டிரம்மைத் தடவுவான். அப்படித் தடவிய நாட்களில் வீட்டுக்கு வந்ததும் பசிக்கவில்லை என்று படுத்துவிடுவான். கோயில் திருவிழாவில் கானமேளை என்கிற பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டால் முதல் பாட்டு பக்திப் பாட்டாக இருக்க வேண்டும். முன்வரிசை ஸ்திரீகள் கைகூப்பிக் கண்மூடி இருப்பார்கள். சரணத்துக்கு முன்னால் அவன் ஒரு உருட்டு உருட்டுவான். அத்தனை கண்களும் ஒரே சமயத்தில் திறக்கும். "இத்ரயும் பேர் ஒருமிச்சு கண்ணு துறக்குந்நது வேற எவிடெயும் கண்டிட்டில்லா" என்று உண்ணி சொல்வான், இத்தனை பேர் ஒன்றாகக் கண் திறப்பதை அவன் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

இரண்டு காலாலும் மிதிக்கிற பெடல் வேண்டும் என்று ஒருமுறை ஆசை வந்தது. சிங்கப்பூரில்தான் கிடைக்குமாம். பாறசாலையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சைக்கிள் செயினும் ஒரு தையல் மிஷின் மிதியும் சேர்த்து அவனே ஒன்று செய்துகொண்டான். மிதி ஜெஸியுடைய மிஷினிலிருந்து போனது. பிரேமகுமாரி தைக்கக் கொடுத்த ஜம்பர் ரவிக்கை ஒற்றைக் கையோடு இரண்டு மாதம் கொடியில் தொங்கியது. பிரேமகுமாரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஜெஸி, என்றெ கை என்னு வரும்?" என்று தினமும் கேட்பாள். பதிலாக உள்ளேயிருந்து இரட்டை மிதியின் சத்தம் வரும்.

அவர்கள் ஒரே ஒரு கேசட் போட்டார்கள். ஸ்டுடியோக்காரன் எல்லாவற்றையும் நன்றாகப் பதிந்திருந்தான், டிரம்மைத் தவிர. வருகிறவர்களுக்கெல்லாம் கனகதாஸ் அதைப் போட்டுக் காட்டுவான். "இப்பம் வரும். செவி கொடுங்க. இந்தா, இப்பம்." வேதமணி மட்டும் அதை உண்மையாக ரசித்தார். மருமகன் வாசித்ததிலேயே இதுதான் நல்ல வாசிப்பு என்றார்.

ஆனால் எங்கே போனாலும் டிசம்பரில் அவன் சபைக்குத் திரும்பிவிடுவான். அந்தப் பழைய டிரம்மை நெஞ்சில் கட்டுவான். அப்படி ஒரு டிசம்பரில்தான் சுந்தரதாஸ் விஷயம் நடந்தது.

சுந்தரதாஸ் முன்பு லாரி ஓட்டியவர், தனி வீடு, மனைவி மட்டும். அந்த வருடம் கேரலுக்கு முந்தின நாள், சுந்தரதாஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று கமிட்டிக்குத் தகவல் வந்தது. இறந்தது திருப்புறத்திலுள்ள வேறொரு சுந்தரதாஸ். நம்முடையவர் புதுச்சட்டை போட்டு, பிளாஸ்கில் காப்பி நிரப்பி, கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு முன்வராந்தாவில் காத்திருந்தார். கோஷ்டி அவர் வீட்டு வளைவுக்கு வந்ததும் பொன்னுதாஸ் கையைக் காட்டினார். கொட்டு நின்றது. தாத்தா வேடக்காரர் மரியாதைக்கு முகமூடியைக் கழற்றினார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வாசலைத் தாண்டினார்கள். தலையைக் குனிந்திருந்ததால் வராந்தாவில் நிற்பவரை ஒருவரும் பார்க்கவில்லை.

சுந்தரதாஸ் என்ன நினைத்தார் என்றால், பக்கத்தில் யாரோ இறந்திருக்கிறார்கள். அவரும் எழுந்து, கைகட்டித் தலைகுனிந்து நின்றார். கோஷ்டி போன பிறகு மனைவியைப் பார்த்து, "யாருட்டி செத்தது?" என்றார். அவள் கீழ்வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்து, சொல்லத் தயங்கி, கடைசியில் "நீங்கதானாம்" என்றாள்.

ஈஸ்டர் வரை அவர் சபைக்கு வரவில்லை. கமிட்டி போய்க் கூப்பிட்டும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே கனகதாஸ் ஒற்றை ஆளாக டிரம்மைக் கட்டிக்கொண்டு போய், பாட்டு ஒன்றும் இல்லாமல், அவர் முற்றத்தில் நின்று அடித்துத் தீர்த்துவிட்டு வந்தான். காப்பி குடிக்கும்போது சுந்தரதாஸ் சொன்னதை வீட்டுக்கு வந்து ஜெஸியிடமும் சொன்னான்.

"அவிய மிண்டாம, கொட்டாம போனப்பம் எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டு மக்கா, ஒருவேள செத்துத்தான் போனேனோண்ணு. நீ கொட்டின பொறவாக்கும் இல்லேண்ணு தெரிஞ்சுது."

அன்று ஜெஸி வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போது, விரிப்பு மூடிய டிரம் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. சுந்தரதாஸ் சொன்னது எவ்வளவு சரி என்று மட்டும் தோன்றியது.

*

முதலில் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, எனக்க வீட்டு முன்ன கொட்டு நிறுத்தப்பிடாது. நீங்க சொல்லணும்."

வேதமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொன்னுதாஸிட்ட நான் சொல்லிருவேன் மக்ளே. அவன் கேப்பான். பாட்டு எனக்க கையில. ஆனா கொட்டு இப்பம் ஜித்தினுக்க கையிலயாக்கும். அந்தப் பயலுக்குக் கை வரணுமே."

ஜித்தின் பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். கனகதாஸ் பக்கத்தில் கைமணி தட்டிக்கொண்டு பல வருடம் நடந்தவன். ஜெஸி ஸ்டாண்டுக்கே போனாள். மற்ற டிரைவர்கள் அவளைப் பார்த்ததும் ரேடியோவை நிறுத்தினார்கள்.

"ரேடியோவ எதுக்கு நிறுத்துகிய? பாடட்டும்" என்றாள். யாரும் போடவில்லை. "ஜித்தினே, சனியாழ்ச்ச எங்க வீட்டுல நீ கொட்டணும்."

"செரி அக்கா."

"மொகத்தப் பாத்துச் சொல்லு."

"செரி அக்கா" என்று அவன் ஆட்டோவின் முன்சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்.

சனிக்கிழமை மதியமே அவள் காப்பிக்கு வெல்லம் போட்டு வைத்தாள். பாறசாலையிலிருந்து வாங்கிவந்த கேக்கை வெட்டினாள். வெள்ளைப் புடவையைக் கமிட்டிக்காரர்களுக்காக மாற்றாமல் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் ஊரைச் சீண்ட அவளுக்குத் தெம்பில்லை. வெயில் சாயும்போது தெற்கே ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் கொட்டு கேட்டது. ஒரு வீடு. நின்றது. மறுபடி ஒரு வீடு. ஜித்தின் நன்றாகவே அடித்தான். கொஞ்சம் மெதுவு, ஆனால் தப்பில்லை. அவள் இறங்கி கேட்டுக்குப் போய் நின்றாள்.

வளைவு வந்தது. கொட்டு நின்றது.

முப்பது பேர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல் பாதத்தைத் தூக்கி வைத்து வந்தார்கள். ஆனால் தாண்டிப் போகவில்லை, கேட்டுக்குள் வந்து முற்றத்தில் நின்றார்கள். வேதமணி சொல்லியிருந்தார், அது தெரிந்தது. பொன்னுதாஸும் மறுக்கவில்லை, அவர் நின்ற விதத்தில் அதுவும் தெரிந்தது. எல்லாரும் ஜித்தினைப் பார்த்தார்கள். ஜித்தின் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எலே, கையில தேளு கொட்டிச்சா?"

"வரல்ல அக்கா."

"என்ன வரல்ல?"

"இந்த முற்றத்துல நின்னு, அண்ணன் இல்லாம... எனக்கு வரல்ல அக்கா. மன்னிச்சிருங்க."

அவனைத் திட்ட முடியவில்லை. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இன்னும் ஒரு நிமிடம் போனால் மொத்தக் கோஷ்டியும் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஜெஸிக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

அவள் அவன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். அவன் நெஞ்சில் தொங்கிய டிரம்மில் ஓங்கி அடித்தாள்.

அவள் டிரம்மைத் தொட்டது அதுதான் முதல் தடவை. துடைப்பதற்குக்கூடக் கனகதாஸ் விடமாட்டான். ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே கேட்டுக்கொண்டு வாழ்ந்தவளுக்குத் தாளம் கொஞ்சமாவது கையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். முதல் அடி டிரம்மிலும் இரண்டாவது அடி அதன் இரும்பு வளையத்திலும் விழுந்தது. மூன்றாவது ஜித்தினுடைய விரலில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. கொல்லப்பட்டறையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அடிப்பதுபோல் இருந்தது. வேதமணி நாற்பது வருடம் கொயர் நடத்தியவர், கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டத்தின் நடுவிலிருந்து சுந்தரதாஸின் குரல் வந்தது.

"மோளே, இதுக்கு நாங்க மிண்டாமலே போயிருப்போம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தாத்தா வேடக்காரரின் முகமூடிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு பெண்கள். பிறகு பொன்னுதாஸ், குடையால் வாயை மறைத்துக்கொண்டு. ஜித்தின் அடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான், கண்ணில் தண்ணீர் வழிந்தது, அது எதனால் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"குச்சியத் தாங்க அக்கா" என்றான். "தோலக் கிழிச்சுப்போடுவிய."

"அப்பம் நீ அடி."

"அடிக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவன் அடித்தான். முதலில் மெதுவாக. பாட்டின் இரண்டாவது வரிக்குள் கை தன்னால் ஓடத் தொடங்கியது. வேதமணி கையை உயர்த்திப் பார்த்தார், பிறகு பாட்டை எட்டிப் பிடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. தாத்தா ஓடினார். பிரேமகுமாரி மதிலோரம் வந்து நின்று, தேங்காய்த் துருவல் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸி முற்றத்தின் ஓரமாக, அவன் சொன்னபடியே தள்ளி நின்றாள். சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. அது கனகதாஸின் கை அல்ல. அதில் ஒரு அவசரம் குறைவாகவும் ஒரு பயம் கூடுதலாகவும் இருந்தது. ஆனாலும் இடித்தது. அவள் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள்.

பாட்டு முடிந்து பிரார்த்தனை நடந்தது. கேக் போதாமல் போய், பொன்னுதாஸ் தன் துண்டைப் பாதியாகப் பிட்டு ஜித்தினுக்குக் கொடுத்தார். பிறகு அவர்கள் போனார்கள். கேட்டைத் தாண்டும்போது கொட்டு நிற்கவில்லை. சரிவில் இறங்கும்போதும் நிற்கவில்லை. ஜெஸி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே அதைக் கேட்டாள்.

அடுத்தது சரிவுக்குக் கீழே ஜெயதாஸ் வீடு. எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் கேரல்காரர்களுக்கு அங்கே ஆறிப்போன காப்பிதான் கிடைக்கும். அந்த வருடம் ஜித்தினின் கொட்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தும் ஆறித்தான் இருந்தது என்று வேதமணி மறுநாள் சொன்னார்.